காய்கறி லாரியும் கார்பன் வரியும்

கேள்வி: டீசலுக்குக் கார்பன் வரி போட்டால் கர்நாடகத்தின் குண்டலுபேட்டைக் காய்கறி ரயிலுக்கு மாறுமா? சுமை யார் தலையில் விழும்?

பதில்: இந்தியாவில் டீசல் மீது கார்பன் வரி என்ற பெயரில் எதுவும் இல்லை. ஆனால் விற்பனை வரி அதே வேலையைச் செய்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். டன்னுக்கு 1,000 ரூபாய் வரி என்றால் லிட்டருக்கு 2.70 ரூபாய். 2025 ஏப்ரலில் கர்நாடகம் டீசல் விலையில் ஏற்றிய 2 ரூபாயும் ஏறத்தாழ இதே அளவுதான்.

குண்டலுபேட்டையிலிருந்து கோழிக்கோடு சுமார் 150 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் லாரிக்குப் போய்வர 60 லிட்டர் வேண்டும்; வரி 160 ரூபாய்க்குச் சற்று மேல். 8 டன் தக்காளியில் பகிர்ந்தால் கிலோவுக்கு 2 பைசா. வாங்குபவருக்கு இது பெரிதல்ல. மாதம் 25 நடை ஓட்டும் சிறு லாரி உரிமையாளருக்கோ 4,000 ரூபாய். வாடகையை உயர்த்த முடியாதபோது அது அவர் வருமானத்திலிருந்தே போகிறது.

ரயிலுக்கு மாறவும் வழியில்லை. ஊரில் ரயில் நிலையமே கிடையாது. கோழிக்கோடு செல்லும் வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. அழுகும் சரக்கு தடை தொடங்கும் முன் காட்டைக் கடந்தாக வேண்டும். ஆகவே வரி இங்கே வாகனத்தை மாற்றாது. திரும்பும்போது காலியாக வராமல் சுமை தேட வைக்கும். நிலக்கரி, சிமென்ட் போன்ற நெடுந்தூரச் சரக்கில்தான் ரயிலின் பக்கம் தராசு சாயும்.

வசூலான பணம் எங்கே போகிறது என்பதே மக்கள் நலனைத் தீர்மானிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் கார்பன் வரியைத் தொடங்கியபோது வருமான வரியைக் குறைத்தது. இங்கே குளிர்பதனக் கிடங்குக்கும் பழைய லாரியை மாற்றும் மானியத்துக்கும் அந்தப் பணம் திரும்புவதே நியாயம்.