பட்டி பார்க்கும் முன் ஒரு வார்த்தை

அன்பு மருமகனுக்கு,

திருப்பத்தூரிலிருந்து அத்தை எழுதுகிறேன். சிங்காரப்பேட்டை வீட்டுக்கு ஓசூரிலிருந்து பெயிண்டரைக் கூட்டி வந்திருக்கிறாய் என்று எதிர்வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. உன்னைக் கேட்டால் "சும்மா ரிப்பேர் அத்தை" என்கிறாய். சும்மா ரிப்பேருக்கு எதற்கு புரோக்கர் வந்து போட்டோ எடுக்கிறான்?

விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். பாகலூர் ரோடு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய், சிப்காட் சம்பளத்தில் தவணை கட்ட வேண்டும், எல்லாம் புரிகிறது. வாடகைக்கு விடலாமே என்று நான் சொல்லப்போவதில்லை. போன மாதம்கூட ஒரு வாத்தியார் குடும்பம் கேட்டது, அதையும் சொல்லவில்லை.

விற்பதென்றால் ஒழுங்காக விற்கலாம். சமையல்கட்டு மேற்குச் சுவரில் உப்பு பூக்குமே, சின்னப்பிள்ளையில் நீ சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பாயே, அந்த இடத்தில் பட்டி வைக்க விடாதே. அது சுண்ணாம்புச் சுவர். அடியிலிருந்து ஏறும் ஈரம் காற்றில் காய்ந்து, உப்பை வெளியே தள்ளிவிட்டுப் போகும். மேலே பட்டி வைத்து எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வழி ஏது? ஐப்பசி மழையில் கொப்பளம் கொப்பளமாக எழும்பிப் பெயர்ந்து விழும். வாங்கியவன் உன்னைத் திட்ட மாட்டான், தாத்தா பெயரைச் சொல்லித் திட்டுவான். பழைய பூச்சைக் கொத்தி எடு. ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தகரம் வைத்து வெளியே விடு. நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பே பூசச் சொல். பார்க்க வருகிறவரிடம் நீயே அந்த மூலையைக் காட்டிவிடு.

வாடகை சோபா போடப் போகிறாயாம். திண்ணை வைத்த வீட்டுக்கு சோபா எதற்கு? ஜன்னலை மறைத்து நிற்கிற பீரோவை நகர்த்து, கூடத்தில் வெளிச்சம் தானே வரும். திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும் பெங்களூர்க்காரர்கள் நம் ரோட்டில்தான் போகிறார்கள், அவர்களில் யாராவது கேட்டு வரலாம். யார் வந்தாலும் ஊத்தங்கரைப் பக்கம் முதல் கேள்வி தண்ணீர்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு இருப்பதால்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாய் வரி ரசீதை எடுத்து வை. மாலை போட்ட படங்களைக் கழற்றச் சொன்னானாமே புரோக்கர்? கழற்று, ஆனால் பரணில் போடாதே. இங்கே கொண்டு வா.

இனி பத்திர விஷயம். வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்றாயாம். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். அந்த வீட்டில் பிறந்த பெண்கள் வர மாட்டார்கள். பட்டா இன்னும் உன் தாத்தா பெயரில் இருக்கிறது, அவருக்கும் அது அவர் அப்பா வழி வந்த வீடு. பாகப்பிரிவினை நடந்ததே இல்லை. எனக்கும் உன் சின்ன அத்தைக்கும் சேர்த்துத்தான் அது வாரிசுச் சொத்து.

1989 மார்ச் 25-ஆம் தேதி முதல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பாலேயே சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்கு இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. என் கல்யாணம் 1986. தாத்தா காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து "சட்டமே உனக்கு இல்லை என்கிறது, சீர் செய்தாயிற்றே" என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தப் பேப்பரை நான் வெட்டி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் பங்கு கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடாமல் விற்றால், நாளைக்கு வாங்கியவனின் வக்கீல் நோட்டீஸ் உன் ஃப்ளாட் வாசலுக்கு வரும். அதுதான் என் கவலை. பாதியைப் பத்திரத்தில் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கலாம் என்று புரோக்கர் சொன்னால் அதையும் கேட்காதே. வீடு விற்றதில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உன் அப்பா மாதிரி நீயும் யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? நீ கெட்டிக்காரன், பொறுப்பானவன். இந்த வயதில் உன் அப்பாவால் ஃப்ளாட்டை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும் செய்து வைக்கிறேன். சின்ன அத்தையையும் வரச் சொல்கிறேன். விற்பதானாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, எங்கள் இருவரையும் உட்கார வைத்து உன் வாயால் ஒருமுறை கேள். என் ஆதார் அட்டை, போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை