கூண்டுக் குருவியும் பெண்ணின் சம்மதமும்

 

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஃபின்ச் குருவிக் கூண்டு ஒன்று தொங்கலாம். பறவை வளர்ப்பது கூடுமா? அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுக்குருவி வைத்திருந்தார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம் அன்போடு விசாரித்தார்கள், வளர்த்ததைக் கண்டிக்கவில்லை. எனவே உணவும் நீரும் குறைவின்றிக் கொடுத்தால் வளர்க்கலாம் என்கிறார்கள் உலமாக்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண் தண்டிக்கப்பட்ட செய்தியையும் மறந்துவிடாதீர்கள்.

நாம் அதிகம் வளர்க்கும் ஸீப்ரா ஃபின்ச்சின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள வறண்ட நிலங்களிலும் வாழ்ந்து, மழை பெய்ததும் கூடு கட்டும் பறவை அது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமிதானே! மழையை எதிர்பார்த்து வாழும் வாழ்க்கை நமக்குத் தெரியாததல்ல.

அதன் ஜோடி சேரும் முறையைக் கவனியுங்கள். ஆண் பாடிக்கொண்டே துள்ளித் துள்ளிப் பெண்ணை நெருங்கும். முடிவு செய்வது பெண். பிடித்தால் அருகில் இருக்கும். பிடிக்காவிட்டால் விலகிப் பறக்கும். ஜோடி சேர்ந்தபின் இரண்டும் ஒட்டி உட்காரும், ஒன்றின் இறகை மற்றொன்று கோதிவிடும், மாறி மாறி அடைகாக்கும், குஞ்சுகளுக்குச் சேர்ந்தே ஊட்டும். துணையின் குரலை மட்டும் கேட்டே அடையாளம் காணும்.

ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில பறவைகளைத் தாமே துணை தேட விட்டார்கள். மற்றவற்றுக்குத் தாங்களே ஜோடி சேர்த்தார்கள். விரும்பிச் சேர்ந்த ஜோடிகளிடம் பிழைத்த குஞ்சுகள் 37 சதவீதம் அதிகம். கட்டாயத்தில் சேர்ந்தவற்றிடம் கருவுறாத முட்டைகளும், பொரித்த சில நாட்களில் இறந்த குஞ்சுகளும் கூடுதல். அங்கும் ஆண் வழக்கம்போல் பாடியது. பெண்தான் அதை ஏற்கவில்லை.

சகோதரர்களே! பறவை நமக்கு மார்க்கச் சட்டம் அல்ல. சட்டம் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலில் இருக்கிறது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த நிகாஹையே ரத்துச் செய்தார்கள். கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். வெட்கத்தால் அவள் மௌனமாக இருந்தால் அதுவே சம்மதம் என்றார்கள்.

அந்த மௌனத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? அத்தாவின் கோபத்துக்குப் பயந்து அடங்கிய மௌனமும் வெட்கத்தின் மௌனமும் ஒன்றா? மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மண்டபமும் பேசி முடித்துவிட்டு, பிறகு மகளிடம் கேட்பது அனுமதி கேட்பதாகுமா? அவள் அழுதால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். கணவன் மனைவிக்கிடையே அல்லாஹ் வைத்திருக்கும் அன்பும் இரக்கமும் அவனுடைய அத்தாட்சி. அதை நிர்ப்பந்தத்தால் உண்டாக்க முடியாது.

இன்று வீட்டிற்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். கூண்டில் தண்ணீர் இருக்கிறதா, வெயில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வரன் பார்க்கும் மகள் இருந்தால், அவளைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னாலும் அத்தா கோபப்படமாட்டார் என்ற தைரியத்தை முதலில் கொடுங்கள்.

நம் வீடுகளை அமைதியும் அன்பும் நிறைந்ததாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.