விமானியின் உரிமம்

தச்சர் ஒருவர் தம் உளியையும் வாய்ச்சியையும் எடுத்துக்கொண்டு வேற்று நாட்டுக்குச் சென்றால், அவர் செய்து காட்டிய நாற்காலியைப் பார்த்து அந்நாட்டார் அவருக்கு வேலை கொடுப்பர். சமையலில் வல்லவர் ஒருவரின் திறமையை ஒரு வேளை உணவில் அறிந்துகொள்ளலாம். விமானியின் நிலை அத்தகையதன்று. முப்பது ஆண்டுகள் வானில் பறந்து தலை நரைத்தவரே ஆயினும், மற்றொரு நாட்டு விமானத்தைச் செலுத்துவதற்கு அவருக்கு அந்நாட்டு அரசின் இசைவு வேண்டும். அவருக்குப் பின்னே அமர்ந்திருக்கும் முந்நூறு பயணிகளும் அவருடைய திறமையைச் சோதித்துப் பார்த்துவிட்டு விமானத்தில் ஏறியவர்கள் அல்லர். யாரோ ஒருவர் சோதித்திருப்பார் என்னும் நம்பிக்கையினால் ஏறியவர்கள். அந்த ‘யாரோ ஒருவர்’ யார்? அவர் எவ்வாறு சோதிக்கிறார்? அயல்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் வேலை தேடிச் செல்லும் விமானியைப் பின்தொடர்ந்து சென்றால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

தன் நாட்டவரை விடுத்து வேற்று நாட்டு விமானிகளை ஒரு நிறுவனம் ஏன் நாட வேண்டும் என்று நாம் எண்ணக்கூடும். பணம் இருந்தால் விமானத்தை விலைக்கு வாங்கிவிடலாம். தலைமை விமானி ஒருவரை உருவாக்குவதற்கோ பல ஆண்டுகள் வேண்டும். துபாய் நகரத்து எமிரேட்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் தன் முதல் விமானத்தைக் கராச்சிக்குச் செலுத்தியது. அந்நாளில் அந்நிறுவனம் பாகிஸ்தான் பன்னாட்டு விமான நிறுவனத்தினிடமிருந்து விமானங்களைக் குத்தகையாகப் பெற்றே தொழிலைத் தொடங்கியது. விமானங்களோடு அவற்றைச் செலுத்துவோரும் அங்கிருந்தே வந்தனர். மக்கள்தொகை சிறிதாகவும் விமானப் போக்குவரத்து பெரிதாகவும் உள்ள துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களில் வேற்று நாட்டு விமானிகள் இன்றியமையாதவர்கள். அன்று விமானிகளை உதவிய பாகிஸ்தானைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கும்.

இனி, விதியைக் காண்போம். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. கப்பலைப் போலவே விமானமும் ஏதேனும் ஒரு நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் அடிப்படை. எந்த நாட்டில் விமானம் பதிவாகியுள்ளதோ, அந்த நாடே விமானிக்கு உரிமம் வழங்க வேண்டும். அல்லது பிற நாடு வழங்கிய உரிமத்தைச் செல்லும் என்று ஏற்க வேண்டும். இஃது அதன் 32-ஆம் பிரிவு. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட தரத்துக்குக் குறையாமல் வழங்கப்பட்ட உரிமங்களை ஒன்றையொன்று மதிக்க வேண்டும் என்பது 33-ஆம் பிரிவு. முதற்பிரிவு வாயிலில் நின்று தடுக்கிறது. அடுத்த பிரிவு நம்பி உள்ளே விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் அயல்நாட்டில் வேலை தேடும் விமானி நிற்கிறார்.

அத்தரத்தை வகுத்துக் காப்பது மான்ட்ரியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பாகும். அதன் விதிப்படி, பெரிய பயணிகள் விமானத்துக்குத் தலைமை ஏற்பவர் 21 வயது நிரம்பியவராகவும், 1,500 மணி நேரமேனும் பறந்தவராகவும் இருத்தல் வேண்டும். பல நாட்டுப் பயணங்களில் இரு விமானிகள் செலுத்தும் விமானத்தில் 65 வயது வரை பணியாற்றலாம். உடல்நிலைச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அறுபது வயதுக்குப் பின்னர் ஆறு திங்களுக்கு ஒரு முறை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் விமானியாகக் கூடாது என்று நம்மிற் பலர் கருதுகின்றனர், அது தவறு. கண்ணாடியோடு பார்வை செம்மையாக இருந்தால் போதும். மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

மேற்கூறியவை குறைந்த அளவுகளே. வேலை கொடுக்கும் நிறுவனங்கள் இவற்றுக்கு மேலும் பல மடங்கு கேட்பதுண்டு. அதனால் விமானியின் கைப்பொருள்களுள் சிறந்தது அவருடைய பறப்புக் குறிப்பேடே. எந்த நாளில், எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம், பகலிலா இரவிலா என்று ஒவ்வொரு பயணமும் அதில் எழுதப்பட்டிருக்கும். பள்ளி நாள் முதல் ஒருவர் எழுதிவந்த நாட்குறிப்பும் இத்துணைப் பயன் தராது.

அடுத்தது மொழி. வானொலியில் விமானியும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு அலுவலரும் ஒருவரையொருவர் காணாமல் உரையாடுகின்றனர். முகக்குறிப்பு இல்லை, கையசைவு இல்லை, சொல் ஒன்றே உண்டு. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் இரவு, கொலம்பியா நாட்டு அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம் ஒன்று நியூயார்க் நகரை அணுகியது. வானிலை கெட்டிருந்தமையால் அவ்விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டுக் காத்திருக்க நேர்ந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. தமக்கு முன்னுரிமை வேண்டும் என்றும், எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் துணை விமானி ஆங்கிலத்தில் தெரிவித்தார். ஆயினும், நெருக்கடி என்பதைக் குறிப்பதற்கென்று வகுக்கப்பட்ட சொல்லை அவர் ஒரு முறையும் சொல்லவில்லை. கேட்டவர்கள் அதனைப் பல விமானங்கள் தெரிவிக்கும் வேண்டுகோள்களுள் ஒன்றாகவே கொண்டனர். இறங்குவதற்கு ஒரு முறை முயன்று இயலாமல் மேலெழுந்த விமானம், எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, லாங் தீவில் ஒரு குன்றின்மேல் விழுந்தது. தீப்பற்றுவதற்கும் அதில் எரிபொருள் இருக்கவில்லை. 158 பேருள் 73 பேர் மாண்டனர்.

நம் நாட்டிலும் 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே சவூதி அரேபிய விமானம் ஒன்றும் கசகஸ்தான் விமானம் ஒன்றும் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். தனக்குக் குறிக்கப்பட்ட உயரத்தினின்று கசகஸ்தான் விமானம் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அவ்விமானியரின் ஆங்கில அறிவுக் குறைவும் அப்போது பேசப்பட்டது.

இத்தகைய துயரங்களுக்குப் பின்னரே மொழித் தேர்வு கட்டாயமாயிற்று. 2008-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மொழித்திறம் ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பன்னாட்டு வான்வழியில் ஆங்கிலம் பேச வேண்டிய விமானி நான்காம் படியையேனும் எட்டியிருத்தல் வேண்டும். அப்படியில் நிற்பவர் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் தேர்வு எழுதுதல் நன்று என்பது அமைப்பின் பரிந்துரை. ஈண்டு வேண்டப்படுவது இலக்கிய ஆங்கிலமன்று. ஒன்பது என்பதைக் குறிக்கும் ‘நைன்’ என்னும் சொல், ஐந்தைக் குறிக்கும் ‘ஃபைவ்’ என்பதோடு காதில் மயங்குமாதலால், விமானிகள் அதனை ‘நைனர்’ என்றே ஒலிக்கின்றனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவரும் இவ்வழக்கைக் கற்றே ஆக வேண்டும். உண்மையைச் சொல்லப்போனால், விரைந்தும் மரபுத்தொடர்களைக் கலந்தும் பேசும் அவர்களே பிறரை இடர்ப்படுத்துவதும் உண்டு.

விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் கடந்த பின்னர் விமானி அஞ்சும் இடம் ஒன்று இருக்கிறது. அது சிமுலேட்டர் என்னும் பாவனைப் பொறி. வெளியே பார்த்தால் உயர்ந்த கால்களின்மேல் நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே சென்றால் விமானியறை. ஓடுபாதையும் மழையும் இரவு விளக்குகளும் கண்முன்னே தோன்றும். பெட்டி சாய்வதும் குலுங்குவதும் உடம்புக்கு உண்மையாகவே படும். பின்னால் அமர்ந்திருக்கும் தேர்வாளர் ஒரு பொத்தானை அழுத்துவார். விமானம் தரையை விட்டு எழும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றுவிடும். ஒரு புறம் இழுக்கும் விமானத்தை நேரே நிறுத்தி, மேலேற்றி, வட்டமிட்டு, மீண்டும் இறக்க வேண்டும்.

கை திறமையை மட்டும் தேர்வாளர் பார்க்கிறார் என்று எண்ணுதல் கூடாது. அருகிலுள்ள துணை விமானியின் இருக்கையில் முன்பின் அறியாத ஒருவர் அமர்ந்திருப்பார். அவரிடம் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறாரா, அவர் ஐயம் எழுப்பும்போது செவி கொடுக்கிறாரா, தமக்குத் தெரியாததைக் கேட்கிறாரா என்பனவும் குறிக்கப்படும். தனியே சிறப்பாகப் பறந்து, பக்கத்தில் இருப்பவரை மறந்தவர் வேலை பெறாமல் திரும்புவதுண்டு. இதற்கும் காரணம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் குவாம் தீவில் கொரிய விமானம் ஒன்று மலையில் மோதி, 254 பேருள் 228 பேர் இறந்தனர். தலைமை விமானியின் பிழையோடு, உடனிருந்த இருவரும் அவரைக் கண்காணித்துத் திருத்தத் தவறியமையும் காரணமென்று அமெரிக்க விசாரணைக் குழு முடிவு கூறிற்று. மூத்தவரிடம் மறுத்துச் சொல்லத் தயங்குவது பல நாடுகளில் நல்லொழுக்கமாகக் கருதப்படுகிறது. நம் நாட்டிலும் அவ்வாறே. பல நாட்டினரும் கூடிப் பணிபுரியும் விமானியறையிலோ அத்தயக்கம் உயிரைக் கொள்ளும். ஆதலின் வீட்டில் பழகிய பணிவில் ஒரு பகுதியை அவர்கள் வாயிலிலே விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது.

வேலை கிடைத்த பின்னரும் அது நிலையானது என்று சொல்வதற்கில்லை. 2020-ஆம் ஆண்டில் தொற்றுநோயினால் வான்வழி வெறிச்சோடியபோது, கொரிய விமான நிறுவனம் தன்னிடம் இருந்த வேற்று நாட்டு விமானிகள் ஏறத்தாழ 390 பேரையும் ஊதியமில்லா விடுப்பில் அனுப்பிற்று. வந்த நாட்டில் இந்நிலை; விட்டுச் செல்லும் நாட்டிலோ வேறொரு தடை. விமானிகள் திடீரென்று விலகுவதால் போக்குவரத்து குலையக் கூடாதென்று, தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு திங்களும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என இந்திய அரசு 2017-ஆம் ஆண்டில் விதித்தது.

இத்தனை சோதனைகள் இருப்பினும், அயல்நாட்டு நிறுவனம் ஒரு விமானியைச் சோதிப்பது சில நாட்களே. அவர் முதன்முதலாக உரிமம் பெற்றபோது எழுதிய தேர்வுகளையெல்லாம் அது மீண்டும் முழுமையாக நடத்திப் பார்ப்பதில்லை. அவற்றை அவருடைய நாட்டு அரசு நேர்மையாக நடத்தியிருக்கும் என்று நம்புகிறது. அந்நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ஆம் ஆண்டு உலகம் கண்டது.

அவ்வாண்டு மே 22-ஆம் நாள் பாகிஸ்தான் பன்னாட்டு விமான நிறுவனத்தின் விமானம் கராச்சியில் வீடுகளின்மேல் விழுந்தது. அதிலிருந்த 99 பேருள் இருவரே பிழைத்தனர். அதுபற்றிய முதல் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்த விமானத்துறை அமைச்சர், அந்நாட்டு விமானிகள் 860 பேருள் 262 பேர் உரிமத் தேர்வைத் தாமே எழுதவில்லை என்று ஐயம் இருப்பதாக அறிவித்தார். தேர்வு மண்டபத்தில் ஒருவருக்காக மற்றொருவர் அமர்ந்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு அந்நிறுவனத்தின் விமானங்கள் ஐரோப்பாவுக்கு வருவதை 2020 ஜூலை முதல் நிறுத்தியது. அத்தடை 2024 நவம்பரில்தான் நீங்கியது. வியத்நாமும் மலேசியாவும் தத்தம் நாட்டு நிறுவனங்களில் பணியாற்றிய பாகிஸ்தானிய விமானிகளைப் பறக்கவொட்டாமல் நிறுத்திவைத்தன. அவர்கள் ஆண்டுக்கணக்கில் பிழையின்றிப் பறந்தவர்களாயினும், யார் மெய்யாக எழுதியவர், யார் எழுதாதவர் என்று அந்நேரத்தில் எவரால் பிரித்தறிய இயலும்? பின்னர் வினவியறிந்தபோது, வியத்நாமில் இருந்தவர்களின் உரிமங்கள் செல்லத்தக்கவையே என்று தெரியவந்தது. முடிவில் பாகிஸ்தான் அரசு நீக்கிய உரிமங்களின் தொகையும் அமைச்சர் சொன்ன தொகையினும் மிகக் குறைவே.

இதனைப் படித்து அயலாரை இகழ்வதற்கு நமக்கு உரிமையில்லை. 2011-ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் பொய்யான மதிப்பெண் பட்டியல் காட்டி விமானி உரிமம் பெற்றோர் சிலர் பிடிபட்டனர்.

இந்நாளில் அயல்நாட்டு நிறுவனம் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், அந்நாட்டு விமானத்துறை அவருடைய தாய்நாட்டு விமானத்துறைக்கு ஒரு மடல் விடுக்கிறது. இவ்வெண்ணுள்ள உரிமம் தங்களால் வழங்கப்பட்டதா, இன்றும் செல்லத்தக்கதா, இவர்மீது நடவடிக்கை ஏதும் உண்டா என்று கேட்பதே அம்மடல். விமானி பாவனைப் பொறியில் வென்றிருப்பார், மருத்துவரும் இசைந்திருப்பார், புதிய சீருடைக்கு அளவும் கொடுத்திருப்பார். ஆயினும் அம்மடலுக்கு மறுமொழி வரும் வரையில், புதிய நாட்டின் உரிமம் அவர் கைக்கு வருவதில்லை.