பையனுக்கு வயது என்ன?

டில்லிக்கு அருகே ஒரு செங்கல் சூளை. அங்கே ஒரு தாய் வேலை செய்கிறாள். ஒருநாள் இரவு கடைத்தெருவில் சண்டை நடந்தது. ஒருவர் கத்திக்குத்துப் பட்டு இறந்துபோனார். போலீசார் நான்கு பேரைப் பிடித்தார்கள். தாயின் ஒரே மகனும் அதில் ஒருவன். பையன் நல்ல உயரம். மீசையும் அரும்பிவிட்டது. வயது 19 என்று எழுதிவிட்டார்கள்.

தாய் நீதிமன்றத்துக்கு ஓடினாள். அங்கே இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்த்தாள்.

"பையனுக்கு வயது என்ன, அம்மா?"

"17 தான் இருக்கும், வக்கீலம்மா."

"இந்த வழக்கில் அதுதான் முதல் கேள்வி" என்றார் வக்கீல்.

18 வயது நிரம்பாதவரைச் சட்டம் குழந்தை என்றே சொல்கிறது. குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு. குழந்தையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். சேவகர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

முன்பு குழுமமே எல்லா வழக்கையும் முடித்துவிடும். 2012 டிசம்பர் 16 அன்று டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு இளம்பெண்ணை ஆறு பேர் சீரழித்தார்கள். அவர் இறந்துபோனார். ஆறு பேரில் ஒருவனுக்கு 18 வயது ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. 2013இல் அவனுக்கு 3 ஆண்டு சிறப்பு இல்லம் என்று குழுமம் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. "இவ்வளவுதானா?" என்று நாடே கொதித்தது. நீதிபதி வர்மா குழுவோ வயதைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2015இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் செய்தது. 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

"என் மகனைப் பெரியவர்களோடு சேர்த்துவிடுவார்களா?" என்று தாய் கேட்டாள்.

"சேர்க்கலாம், அம்மா. மறைக்க மாட்டேன். 16 வயது முடிந்திருந்து, கொலை போன்ற கொடுங்குற்றமானால் குழுமம் முதலில் மூன்றைப் பார்க்கும். அதைச் செய்ய உடல் வலுவும் மன வலுவும் இருந்ததா? விளைவு என்ன என்று புரிந்ததா? எந்தச் சூழ்நிலையில் நடந்தது? மனநல நிபுணரின் உதவியையும் கேட்கலாம். பிறகுதான் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அந்த நீதிமன்றமும் மறுபடி யோசிக்கும். பெரியவனைப் போல விசாரித்தாலும் தூக்கு கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். தனி இடத்தில் வைத்துப் படிப்பும் தொழிலும் கற்றுத்தருவார்கள்."

தாய் தலைகுனிந்திருந்தாள். "செத்தவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே" என்றாள். வக்கீல் பதில் சொல்லவில்லை.

மீசையைப் பார்த்து வயது எழுதுவது சட்டமல்ல. முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் வயதைச் சொல்லி முறையிடலாம்.

மறுநாள் தாய் பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். போன ஆண்டுதான் அவள் எழுத்துக் கற்றாள். வரியின் மேல் விரல் வைத்து, மகன் பெயரைத் தானே கண்டுபிடித்தாள். பக்கத்தில் பிறந்த தேதி இருந்தது. சண்டை நடந்த இரவில் அவனுக்கு 17 வயது 2 மாதம்.

சான்றிதழை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.