குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் தம்பிக்கு

எல்க் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டை தொடங்கும் இடம் காடு அல்ல, தம்பி. பனிக்காலத்தில் நீ நிரப்பும் விண்ணப்பம். இன்ன மிருகம், இன்ன பகுதி, இன்ன தேதிகள் என்று ஒரே ஓர் உயிருக்கு அரசு எழுதித் தரும் சீட்டுதான் டேக். நல்ல பகுதிகளில் அது குலுக்கலில்தான் கிடைக்கும். துப்பாக்கி பிறகு வாங்கலாம். முதலில் இவற்றைக் கேள்.

1. குலுக்கல் ஏன் வந்தது என்று தெரிந்துகொள். இறைச்சிக்கும் தோலுக்கும், ஏன், பல்லுக்குக்கூட எல்க்கைச் சுட்டுத் தள்ளிய காலம் ஒன்று உண்டு. 1900-ஐ ஒட்டி அந்த நாட்டில் எஞ்சியவை 1,00,000-க்கும் குறைவு. இன்று ஏறக்குறைய 10 லட்சம். லைசென்ஸ் கட்டணமும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியும் இந்த மீட்சிக்குப் பெரிதும் கைகொடுத்தன. குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, 100 பெண் மான்களுக்கு எத்தனை ஆண், எத்தனை குட்டி என்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டேக்கின் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். டேக் கிடைக்காத வருஷம் அதிகாரிகளைத் திட்டாதே. காட்டில் மான் இருப்பதே அந்தக் கணக்கால்தான்.

2. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு; ஒன்றில் படித்ததை இன்னொன்றில் பிரயோகிக்காதே. டேக் கிடைக்காமல் விண்ணப்பித்த வருஷங்களுக்குச் சேரும் புள்ளிதான் பாயின்ட். கொலராடோவில் பெரும்பாலும் பாயின்ட் அதிகம் சேர்த்தவருக்கே முதல் உரிமை. நெவாடாவில் பாயின்ட்டை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டுவார்கள்: 10 பாயின்ட் இருந்தால் 101 வாய்ப்பு, ஒன்றும் இல்லாதவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அரிசோனா 20 சதவீத டேக்குகளை அதிக பாயின்ட் உள்ளவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைக் குலுக்குகிறது. ஐடஹோவிலும் நியூ மெக்ஸிகோவிலும் பாயின்ட் என்ற பேச்சே இல்லை. நியூ மெக்ஸிகோ 84 சதவீதத்தை உள்ளூர்க்காரருக்கும், 10 சதவீதத்தை வழிகாட்டியோடு வருபவருக்கும், 6 சதவீதத்தை மற்ற வெளியூர்க்காரருக்கும் பிரித்துவிடும். என்னைக் கேட்டால் அந்த வெறும் குலுக்கல்தான் நேர்மையானது. இன்று வந்த பிள்ளையும் இருபது வருஷம் காத்திருந்தவரும் அங்கே ஒரே தரையில் நிற்கிறார்கள். காத்திருந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

3. பாயின்ட்டைச் சொத்து என்று நினைக்காதே. இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கு. கொலராடோவின் வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்ற யூனிட்டுகள், அதாவது வேட்டைப் பகுதிகள், இருக்கின்றன. அங்கே பெரிய கொம்புள்ள ஆண் எல்க்குக்கு 20 பாயின்ட்டுக்கு மேல் வேண்டும். வருஷத்துக்கு ஒரு பாயின்ட்தான் சேரும். தலையில் பத்துப் பேர் வாங்கிக்கொண்டு நகர்வதற்குள் வாலில் முப்பது பேர் வந்து சேரும் வரிசை அது. நீ ஒரு படி ஏறும்போது தேவையும் ஒரு படி ஏறியிருக்கும். இதைத்தான் அங்குள்ளவர்கள் 'பாயின்ட் க்ரீப்' என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இளவயதிலிருந்து அந்த ஒரே டேக்குக்காகச் சேர்த்தார். நடுவில் எளிதாகக் கிடைத்ததை எல்லாம் 'சின்ன டேக்' என்று ஒதுக்கினார். கடைசியில் சீட்டு வந்தது. அதற்குள் முழங்கால் போய்விட்டது. முகாமில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலையைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். உறுமீனுக்காகக் காத்திருந்த கொக்குக்கும் ஒருநாள் கண் மங்கும்.

4. ஆகவே வருஷா வருஷம் காட்டுக்குப் போக வழி தேடு. கொலராடோவில் முதல் தேர்வில் டேக் கிடைத்தால்தான் பாயின்ட் கழியும். முதல் தேர்வில் பாயின்ட் மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாம் தேர்வில் கூட்டம் போட்டியிடாத ஒரு பெண் எல்க் டேக்கை எழுது. சேமிப்பும் குறையாது, காலும் பழகும். பெண் மானைத் தேடி மலை ஏறி இறங்கியவன்தான் பிறகு ஆண் மானிடம் பதறாமல் நிற்பான். அதோடு தேதிகளை நாட்காட்டியில் குறித்து வை. அரிசோனாவில் ஐந்து வருஷம் விடாமல் விண்ணப்பித்தவருக்கு ஒரு பாயின்ட் கூடுதலாகத் தருகிறார்கள். வயோமிங்கில் தொடர்ந்து இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காவிட்டால் சேர்த்தது அத்தனையும் போகும்.

5. யாரோடு சேர்ந்து விண்ணப்பிக்கிறாய் என்பதில் உன் குணம் தெரியும். வயோமிங்கில் குழுவின் பாயின்ட்டைச் சராசரி எடுப்பார்கள். கொலராடோவில் குழுவிலேயே யாருக்கு மிகக் குறைவோ அதுதான் எல்லாருக்கும். கை நிறைய பாயின்ட் வைத்திருந்த ஒரு பெரியவர், ஒரு பாயின்ட்கூட இல்லாத தன் பேத்தியோடு சேர்ந்து சாதாரண யூனிட்டுக்கு எழுதிப் போட்டார். டேக் வந்தது, அவர் பாயின்ட் எல்லாம் சுழியானது. 'பைத்தியமா ஐயா உங்களுக்கு?' என்று கேட்டவர்களிடம், 'அவளுக்குப் பதினாறு வயசு ஒரு வருஷம்தானே இருக்கும்' என்றார். அதே சமயம், நாலு பாயின்ட் வைத்திருப்பவரின் முதுகில் ஏறிச் சவாரி செய்ய நீயாகக் கேட்காதே. அவர் அழைத்தால் போ.

6. குடியிருப்பு விஷயத்தில் பொய் எழுதாதே. உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு, டேக் அதிகம். அதனால் ஆசை எழும். வெளியூர்க்காரரிடம் அதிகம் வாங்குவது செல்லும் என்று மொன்டானா எல்க் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1978-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால், இதற்கென்று மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பறிபோகும். தண்டனைக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நீ பொய் சொல்லி எடுத்த சீட்டு, வேறொருவர் பெயருக்கு விழுந்திருக்க வேண்டியது.

7. டேக் வந்த அன்று கூத்தாடு, மறுநாள் நடக்கத் தொடங்கு. 10,000 அடி உயரத்தில் மூச்சு உன் பேச்சைக் கேட்காது. எல்க் விழுந்ததும் முதலில் படம் எடுக்கத் தோன்றும், பொறு. வயோமிங்கில் அந்தச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தி முனையால் வெட்டியெடுத்து, கையெழுத்துப் போட்டு, உடலோடு கட்ட வேண்டும். கை நடுங்கும், விரலில் ரத்தம் ஒட்டியிருக்கும், பேனா எழுதாது. மைப் பேனாவை நம்பாதே, பென்சில் வைத்துக்கொள். ஆண் எல்க்கில் ஏறக்குறைய 100 கிலோ இறைச்சி தேறும். அதை அழுகவிடுவது குற்றம். வெயில் ஏறுமுன் தோலை உரித்து, நிழலில் துணிப்பையில் தொங்கவிடு. கொம்பு கடைசி நடையில் வந்தால் போதும்.

8. பெயர் விழாத வருஷங்கள்தான் அதிகம் வரும். அப்போது டேக் கிடைத்த நண்பருக்குச் சுமை தூக்கப் போ. வாய் திறந்து கேட்க அவர் கூச்சப்படலாம், நீயே சொல்லி வை. நல்ல தூக்குப்பை ஒன்றும், தீட்டிய கத்தி இரண்டும், தலைவிளக்குக்கு மாற்று பேட்டரியும் எடுத்துக்கொள். இறைச்சி இறக்குவது அநேகமாக இருட்டில்தான் முடியும்.