புது ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் ஓடவில்லை

பம்புசெட்டுக்குப் புது ஃபுட்வால்வு மாட்டுகிறோம். அதன் பிறகு தண்ணீர் ஏறவில்லை. எதை முதலில் பார்ப்போம்? ஃபுட்வால்வைத்தான் பார்ப்போம். "கிணற்றையே மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பயந்துவிடுகிறோம். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறோம்.

ஒரு மகளிர் குழுவுக்கு நடந்ததைப் படியுங்கள்.

அந்தக் குழு தன் ஊரில் பொது சேவை மையம் நடத்தி வந்தது. சான்றிதழுக்கு மனு போடுவது, கரண்டு பில் கட்டுவது எல்லாம் அங்கேதான். குழுவின் கடன் கணக்கும் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. யார் எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை தவணை கட்டினார்கள் என்று மூன்று வருடக் கணக்கு.

கம்ப்யூட்டர் பழையது. ஒரு மனு போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டவுனில் உள்ள கடைக்காரர், "மெமரி போதவில்லை. 4 ஜி.பி. இருக்கிறது. இன்னொரு 4 ஜி.பி. ரேம் போடலாம்" என்றார். குழு கூடிப் பேசியது. பணம் கொடுத்துப் போட்டார்கள்.

ரேம் என்றால் என்ன? நம் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். பரண் இருக்கிறது. அடுப்பு மேடையும் இருக்கிறது. சாமான்களைப் பரணில் வைக்கிறோம். சமைக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்து மேடையில் பரப்புகிறோம். மேடை சிறியது என்றால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். வேலை தாமதமாகும். கம்ப்யூட்டரில் ரேம்தான் மேடை. ஹார்டு டிஸ்க்தான் பரண். ஸ்விட்சை அணைத்தால் மேடை காலியாகிவிடும். பரணில் வைத்தது அப்படியே இருக்கும்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். கணக்கு இருப்பது பரணில். மாற்றியது மேடையை.

பெட்டியை பைக்கில் வைத்துக் கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. "பீப்... பீப்... பீப்..." என்று சத்தம் மட்டும் வந்தது.

அந்தப் பக்கம் வந்த ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"மதர்போர்டு போயிடுச்சும்மா. புதுசு வாங்கணும். உள்ளே இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டு மறுபடி ஏத்தணும்."

கணக்கு எழுதும் அக்காவுக்குக் கை நடுங்கியது. "அப்போ எங்க மூணு வருஷக் கணக்கு?"

"அதெல்லாம் போச்சும்மா."

குழுத் தலைவியின் தங்கை மகள் அங்கே இருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அவள் சொன்னாள்: "பெரியம்மா, முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடிச்சு. நேத்து என்ன மாத்தினோம்? ரேமை மட்டும்தானே? முதல்ல அதைப் பார்ப்போம். அழிக்கிறதுக்கு யாரையும் விடாதீங்க."

அவள் சொன்னதுதான் சரி. பீப் சத்தம் ஏன் வருகிறது தெரியுமா? கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் கை கால்களைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ரேம் தட்டுப்படவில்லை என்றால் அதனால் திரையில் எழுதிக் காட்ட முடியாது. அதனால் சத்தம் போட்டுச் சொல்கிறது. எத்தனை சத்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில கம்ப்யூட்டர்களில் சத்தமே வராது. அதற்காக வேறு பெரிய கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

முதலில் வாரன்டி சீட்டைப் படித்தார்கள். பழைய கம்ப்யூட்டர், வாரன்டி முடிந்திருந்தது. முடியாமல் இருந்தால் பெட்டியைத் திறக்காமல் விற்றவரிடமே கொண்டு போயிருப்பார்கள். பிறகு ஸ்விட்சை அணைத்தார்கள். வயரையும் பிளக்கில் இருந்து பிடுங்கினார்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அதன் பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தார்கள். உள்ளே மிச்சம் இருக்கும் கரண்டு அதில் இறங்கிவிடும்.

பக்க மூடியைக் கழற்றினார்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டார்கள். நைலான் சேலை உரசினால் சில சமயம் "சுரீர்" என்று இருக்கும் அல்லவா? அந்த மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும். இரும்பைத் தொட்டால் அது போய்விடும்.

ரேம் சீப்பு போல நீளமாக இருக்கும். இரண்டு முனையிலும் கொக்கி பிடித்திருக்கும். பழைய ரேமில் இரண்டு கொக்கியும் மூடியிருந்தன. புது ரேமில் ஒரு பக்கக் கொக்கி திறந்தே இருந்தது. கடையில் அரைகுறையாக அழுத்தியது வழியில் குலுங்கிக் கிளம்பியிருக்கிறது.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. புது ரேமைக் கழற்றி வைத்தாள். பழையதை மட்டும் விட்டு ஸ்விட்சைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. கணக்கும் வந்தது. கணக்கு எழுதும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதர்போர்டு போகவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

மறுபடி அணைத்து, வயரைப் பிடுங்கி, பழையது இருந்த இடத்தில் புதியதை மட்டும் போட்டாள். அதுவும் ஓடியது. ஓடாமல் இருந்தால் புது ரேமில்தான் கோளாறு. கடைக்காரர் மாற்றித் தர வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது கெட்டது என்று தெரியாது.

ரேமின் கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள் இருக்கும். அதில் விரல் படக்கூடாது. அழுக்கு இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட வேண்டும். தண்ணீர் கூடாது. ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் உள்ள மேட்டுக்கு நேராக அந்த வெட்டு வர வேண்டும். இரண்டு முனையையும் கட்டை விரலால் அழுத்தினால் "டக்" என்று கொக்கி விழும். வெட்டு நேராக வரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் அது வேறு ரகம். பலத்தைக் காட்டக்கூடாது.

இரண்டும் சேர்ந்து ஓடியது. முதல் தடவை கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

ரேம் சரியாக உட்கார்ந்தும் ஓடவில்லை என்றால் உள்ளே கை பட்டு வேறு வயர் தளர்ந்திருக்கலாம். திரைக்குப் போகும் வயரையும் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்து, நடுவில் நீலத் திரை வந்து நின்றால் ரேமைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 8 ஜி.பி. போட்டும் 4 அளவுதான் காட்டுகிறதா? உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸாக இருக்கலாம். அது 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். கரண்டு வயர் வந்து சேரும் இரும்புப் பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதைத் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கலாம். லேப்டாப்பையும் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

செய்து பார்ப்போம்

ரேமில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் பி, சி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எண் 3 என்றால் அது டி.டி.ஆர் 3 ரகம். எண் 4 என்றால் டி.டி.ஆர் 4 ரகம். இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

உங்கள் ஊர் மையத்தில் பழைய ரேம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். சீட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். அதை நோட்டில் எழுதுங்கள். எத்தனை ஜி.பி. என்பதையும் எழுதுங்கள். புது ரேம் வாங்கும்போது இந்த இரண்டு எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.