பாட்டு நின்றுபோகாதிருக்க
(தோட்டப்புறப் பாடகர் குழுக்களுக்கு ஒரு பாடம்)

தோட்டத்துக் கோயிலில் பாட்டு எப்படி நின்றுபோகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஆர்மோனியம் வாசித்தவர் ஊரைவிட்டுப் போவார். அடுத்து நன்றாகப் பாடிய இரண்டு பெண்பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போவார்கள். மீதியிருப்பவர்கள், "நாலு பேராக நின்று பாடினால் சனம் சிரிக்கும்" என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சுவாமியார் வரும் நாளிலும் பாட்டில்லாப் பூசைதான்.

ஊவாவில் இது இன்று நேற்று வந்த துன்பமல்ல. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆடு மாடு பங்குபோடுவதுபோல ஒரு கணக்கு. கோச்சி ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களில் நம் கோயில்களில் பாடியவர்களும் இருந்தார்கள். அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகத்தார் பெயர் வைத்தார்கள். பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து பிரிந்து உருவானபோது, முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகையின் கையில் கிடைத்த தோட்டத்து மந்தை இப்படிக் கலைந்துகொண்டிருந்த மந்தைதான். பின்பு 1973–74இல் பஞ்சம். 1983 ஜூலையில் பதுளை நகரிலும் தீ.

அந்நாளில் பல இடங்களில் பாட்டு முழுவதும் ஒரே ஆளின் தலையில் இருந்தது. மெட்டு அவருக்குத் தெரியும், கொப்பி அவரிடம் இருக்கும், எந்தக் கட்டையில் எடுப்பது என்பதும் அவருக்கே தெரியும். அவர் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போனால் நாற்பது பாட்டும் கூடவே போய்விடும். ஆகவே குழுத் தலைவர் முதலில் செய்யவேண்டியது, தாம் இல்லாவிட்டாலும் பாட்டு நடக்க வழிசெய்வது. பாட்டுக் கொப்பியை மூன்று பிரதியாக எழுதி மூன்று லயங்களில் வையுங்கள். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் கட்டையையும் தாளத்தையும் குறியுங்கள். கைத்தொலைபேசியில் மெட்டைப் பதிந்து வைப்பதும் நல்லதே. ஆனால் கொப்பி எரியும், தொலைபேசி மண்ணுக்குள் போகும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதைக் கண்டோம். 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் நம் மாவட்டத்து மலைகள் சரிந்தன. திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா, அடக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாட்டாவது பிள்ளைகளுக்குக் கொப்பி பார்க்காமல் வரவேண்டும்.

ஆள் குறைந்ததற்கு வெட்கப்படவேண்டாம். திருவழிபாட்டு இசைபற்றி உரோமாபுரி 1967 மார்ச் 5இல் வெளியிட்ட அறிவுரை, சிறு குழுகூட அமைக்க முடியாத இடங்களை நினைத்தே 21ஆம் எண்ணில் பேசுகிறது: பயிற்சி பெற்ற ஒருவர் இருவராவது இருக்கட்டும், அவர்கள் எளிய பாட்டுகளை எடுத்துக் கொடுத்துச் சபையைப் பாடவைக்கட்டும் என்பது அதன் கருத்து. இரண்டு பேர் எடுத்துப் பாட, கோயில் முழுவதும் பல்லவியைத் திருப்பிச் சொல்லும் பாட்டுகளாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிநாடாவிலும் வானொலியிலும் கேட்ட உயரத்தில் எடுக்காதீர்கள். அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கினால் கொழுந்தெடுத்துக் களைத்த தாய்மாருக்கும் குரல் எட்டும். ஆர்மோனியம் இல்லையென்றால் தப்போ கஞ்சிராவோ போதும். தப்பு கோயிலுக்கு ஆகாது என்பவர்கள், அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கச் சொல்லும் வத்திக்கான் சங்க ஏட்டின் 119ஆம் எண்ணைப் படிக்கட்டும்.

பயிற்சியைக் கோயிலில்தான் வைக்கவேண்டும் என்பதில்லை. மலையேறி வரச் சொன்னால் இரண்டாவது வாரமே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். லயத்து இஸ்தோப்பில் அரைமணி நேரம், உட்கார்ந்தபடி, ஒரே பாட்டு. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் பஸ்ஸும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இப்படி வீட்டு வாசலில் வைத்திருந்தால் அன்றும் பயிற்சி நடந்திருக்கும்.

ஒருவேளை நிறுத்தவேண்டிய நேரமும் வரும். 2020 மார்ச் 10இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா கண்டது, இருவர் இறந்தார்கள். அத்தகைய வேளையில் கூடாதிருப்பதே அன்பு. அவரவர் வீட்டு ஜெபத்தில் அந்த வாரத்துப் பாட்டைப் பாடுவதென்று பேசிக்கொண்டால் குழு கலையாது.

இனி, எல்லாவற்றிலும் கடினமானது: துக்கம் நடந்த இடத்தில் எதைப் பாடுவது? நான் இளவயதில் குழு நடத்தியபோது ஒரு பிழை செய்தேன். ஒரே வாரத்தில் இரண்டு அடக்கம் நடந்த லயத்தில், சனத்தைத் தேற்றுவதாக எண்ணி, ஞாயிறன்று பாஸ்காக் காலத்து வெற்றிப் பாட்டொன்றை எடுத்தேன். ஒருவரும் கூடப் பாடவில்லை. முன்வரிசையில் இருந்த தாய் எழுந்து வெளியே போனார். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்தான் என்பதை அதன் பின்பே கவனித்தேன். பாபிலோன் ஆற்றங்கரையில் யாழை மரத்தில் தொங்கவிட்டவர்களைப் பாடச் சொல்லி நெருக்கியவர்கள் அவர்களைச் சிறைபிடித்தவர்களே. பவுலும் சீலாவும் பிலிப்பிச் சிறையில் நள்ளிரவில் பாடினார்கள். அவர்களை யாரும் பாடச் சொல்லவில்லை. ஆகவே துக்கக்காரரைப் பாடச் சொல்லி இழுக்காதீர்கள். அவர்களுக்காக நீங்கள் மெதுவாகப் பாடுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அல்லேலூயா தொண்டையில் அடைத்துக்கொண்டதை நம்மில் எத்தனையோ பேர் அறிவோம். அன்று மௌனமாக நின்றவர்களைக் குறைசொல்லக்கூடாது.

யார் தனியாகப் பாடுவது என்ற சச்சரவுக்கு மருந்து ஒன்றுதான்: முறைவைத்துக் கொடுங்கள். சிங்களச் சகோதரரோடு சேர்ந்து பூசை காணும் பங்குகளில் பதிலுரையை இரு மொழியிலும் மாறிமாறிப் பாடப் பழக்குங்கள். கலவர காலத்தில் அவசரமாகத் தொடங்கினால் அது ஒட்டாது.

இந்த வாரம் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் பாட்டியோ தாத்தாவோ பாடிய எந்தப் பாட்டு எந்தக் கொப்பியிலும் இல்லை? அந்த மெட்டு இப்போது யாருக்குத் தெரியும்? அவரிடம் ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.